நாற்பத்தேழாம் பக்கம்

கதிரைகள் இருபத்திரண்டு.
பக்கத்துத் தேவாலயத்தில் இரவல் வாங்கியவை.
ஒன்றின் கால் கொஞ்சம் ஆடும்.
அதை எப்போதும் கடைசி வரிசையில் போடுவேன்,
பிந்தி வருகிறவருக்கு.

பீல் நகரத்தில் தெருப் பெயர்களுக்கு இரண்டு மொழி.
எங்கள் புத்தகக் கடைக்கும் அப்படித்தான்:
இடப்பக்கம் டொச், வலப்பக்கம் பிரெஞ்சு,
நடுவில் கல்லாப்பெட்டியும் நானும்.
முதல் வருடம் பெட்டி பிரித்தேன், பில் அடித்தேன்.
பிறகொரு நாள் ரெகுலா,
கடை அவளுடையது,
ஒரு கட்டு வெள்ளை அட்டையை நீட்டினாள்:
'வாசித்ததைப் பற்றி எழுது. இரண்டு வரி போதும்.'

மற்றவர்களின் அட்டைகளில்
பட்டுக் குஞ்சம் கட்டிய சொற்கள்.
என் டொச்சில் குஞ்சம் இல்லை.
இருந்ததை வைத்து எழுதினேன்:

"இதில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள்.
மழை நாளில் வாசிக்கவும்."

"சமையல் புத்தகம் அல்ல. ஆனாலும் பசிக்கும்."

"நாய் சாகிறது. முதலே சொல்லிவிட்டேன்."

விற்றன.
ஏனென்று எனக்கும் விளங்கவில்லை, ரெகுலாவுக்கும்.
நாய்ப் புத்தகம் வாங்கியவர்
மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.
'சொன்னபடியே செத்துவிட்டது' என்றார்,
கோபமா நன்றியா பிடிபடாத முகத்தோடு.
அதே ஆள் எழுதிய வேறொன்று இருக்கிறதா
என்றும் கேட்டார்.

இன்று மாலை கூட்டம்.
ஹெட்டி ரூஃபர் ரயிலில் வந்திறங்கினார்,
ஏழாவது நாவலோடு, ஈரக் குடையோடு.
சனம் பதினொன்று.
அதில் ஒருவர் குளிருக்கு ஒதுங்கியவர்,
ஒருவர் ஏரிக்கரை வைனுக்கு வந்தவர்,
மூவர் எழுத்தாளரின் தங்கை குடும்பம்.
மிச்சக் கதிரைகளில் கோட்டுகள் அமர்ந்தன.

நான் மறந்தே போனேன்.
மேசையில் அடுக்கிய நாவலின் முன்னால்
என் அட்டை நின்றுகொண்டிருந்தது:

"40 முதல் 90 வரை சலிப்பு. தாண்டுங்கள்.
பிறகு நித்திரை வராது."

அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டு வாசித்தார்.
கண்ணாடி இல்லாமலும் ஒருமுறை.
'யார் இது?'
ரெகுலா பிஸ்கற் தட்டை நேராக்கினாள்.
நான் கையை உயர்த்தினேன்,
பாதி உயரத்துக்கு.

ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.
தண்ணீர் குடித்தார்.
முதல் அத்தியாயம் என்று சுவரொட்டியில் போட்டிருந்தும்
நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தார்.

ஒரு பெண் அலுமாரி துடைக்கிறாள்.
அதில் அவ்வளவுதான்.
மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு,
துணியை நனைக்கிறாள், பிழிகிறாள்,
மறுபடி நனைக்கிறாள்.
பஸ்ஸில் நான் ஒரே விரலால் தள்ளிவிட்ட இடம்.
அவர் குரல் தள்ளவில்லை.
தட்டுத் தட்டாக நின்றது.
கீழ்த்தட்டின் மூலையில், துணி எட்டாத இடத்தில்,
ஒரு சட்டைப் பொத்தான்.
அவள் அதை எடுக்கவில்லை.
சுற்றித் துடைத்தாள்.

குளிருக்கு ஒதுங்கியவர் தொப்பியைக் கழற்றினார்.
ஆடுகிற கதிரை கொஞ்ச நேரம் ஆடவில்லை.

நான்கு பிரதி போனது. ஐந்தாவது நான்.
எனக்கான கையெழுத்துக்கு மேலே
'தாண்டியவளுக்கு' என்று எழுதினார்.
மூடிக் கொடுக்கும்போது குனிந்து, மெல்ல:
'ஐம்பத்திரண்டுக்குப் பிறகு
நீ சொன்னது சரி.
என் பதிப்பாளரும் அதைத்தான் சொன்னார்.
நான்தான் கேட்கவில்லை.'

எல்லோரும் போனபின்
மிஞ்சிய வைனை ரெகுலா போத்தலிலேயே குடித்தாள்.
நான் கதிரைகளை மடித்தேன். இருபத்திரண்டு.
பிறகு பேனையை எடுத்து
நாற்பதை வெட்டி ஐம்பத்திரண்டு ஆக்கினேன்.
கீழே இடமிருந்தது.
"47ஐ வாய்விட்டு வாசிக்கவும்" என்று சேர்த்தேன்.

பொத்தானைப் பற்றி
எழுதவில்லை.